அவுட் ஆகாமல் நின்றவர்

இன்று காலை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், ஆபீஸ் நண்பன் செல்வத்துக்கும் எனக்கும் வழக்கமான சண்டை. நம்ம காலத்து இந்திய டீமில் யாரை இருபது வருஷம் கழித்தும் லெஜண்ட் என்பார்கள்?

அவன் செஞ்சுரிகளை எண்ணினான். நான் கோப்பைகளை எண்ணினேன்.

முன்சீட்டு அக்கா ஒருவர் திரும்பினார். "ஒருத்தரு உடம்பெல்லாம் அடி வாங்கிக்கினு மணிக்கணக்கா நின்னு டிரா பண்ணாரே, அவரு கிடையாதா?"

"அவரு ஸ்ட்ரைக் ரேட் ரொம்ப கம்மிக்கா" என்றான் செல்வம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. ஒரு வாரமா யார்கிட்டயும் பேசல, சரியா சாப்புடல. அந்த மேட்ச்ச போன்ல பார்த்துக்கினே இருந்தாரு. மேட்ச் டிரா ஆனதும், 'பசிக்குது, எதுனா குடு'ன்னாரு."

கூட்டேரிப்பட்டில் அக்கா இறங்கிக்கொண்டார்.

விழுப்புரம் வந்ததும் செல்வம் கேட்டான்: "மச்சான், அந்த டிரா பண்ணவரையும் லிஸ்ட்டுல சேர்த்துக்கலாமா?"

சேர்த்தாச்சு.

உங்கள் லிஸ்ட்டில் யார்? ஆவரேஜ் எனக்கே தெரியும், காரணத்தை மட்டும் சொல்லுங்கள்.