ஒத்தை இழை வந்த பாவு

மருதமுனை மீராமுகைதீன் மூணாம் வகுப்போட பள்ளிய விட்ட மனிசன். ஆனா எண்ணைப் பிரிச்சுப் பார்க்கிறதில அவருக்கு ஒரு பைத்தியம். தறிக்காரனுக்குக் கோடு கரையில மீதியில்லாம முடியணுமே! அப்புடிப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் ரெண்டாயிரத்தி ஐந்நூத்தி இருபதைப் புடிச்சார். ஒண்டில இருந்து பத்து வரைக்கும் எதால பிரிச்சாலும் மீதி வராது. அதுக்குக் கீழ அப்புடி வேற எண்ணே இல்ல. புதுசாப் பிறந்த பேரப்புள்ளைட விரலை எண்ணுற மாதிரித் திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்துட்டுச் சொன்னார்:

"இது கலியாண ஊட்டு மூத்த மாமா மாதிரி, எல்லாரோடயும் ஒத்துப்போகும்."

இதை அவர் சொன்னது பொஞ்சாதிட தம்பி சீனித்தம்பிக்கு மட்டும்தான். பன்னெண்டு வருஷமா அவருக்குப் பாவு, தறியில நீட்டுக்கு ஏத்துற நூல், ஓடுறவன் அவன்தான். நிலத்தில அடிச்ச முளைக்கு முளை நூலோட போய் வந்தா ரெண்டு இழை. அவன் ஓடின பாவை இவர் ஒருநாளும் எண்ணினதில்ல.

எழுபத்தொன்பதில கல்முனையில கைத்தறிக் கண்காட்சி. முதலாம் இடம் வந்தா கொழும்புக்குப் போகலாம். பத்திழைக் கோடு போட்ட விரிப்பில மீரா சீட்டுக் குத்தினார்: '2520 இழை. பத்து வரைக்கும் எதால பிரிச்சாலும் மீதியில்ல.' சீனித்தம்பியும் தான் நெய்த ஒரு சாரனைப் போட்டிக்கு வெச்சான்.

பரிசுக்குப் பார்க்க வந்த ஐயா சீட்டை வாசிச்சுச் சிரிச்சார். பூதக்கண்ணாடிய வெச்சுக் கோடு கோடா எண்ணினார்.

"ஒண்டு மிஞ்சுதே, மீரா நானா?"

"இரிக்காது ஐயா! ஒன்பதால பிரிச்சுப் பாருங்க."

"ஒண்டு."

"எட்டு? ஏழு?"

"எல்லாத்துக்கும் ஒண்டுதான். சீட்டைக் கழட்டுங்க."

சனம் சிரிச்சது. முதலாம் இடம் சீனித்தம்பிட சாரனுக்கு. மீராட காதில அந்தச் சிரிப்பு விழயில்ல. பிழையா ஓடினா ரெண்டு கூடும், இல்லாட்டி ரெண்டு குறையும். ஒத்தை எப்புடி வரும்? ஆரோ கையால முடிஞ்சு வெச்சாத்தான் வரும்.

நேரா மச்சான்ட ஊட்டுக்குப் போனார்.

"மச்சான், பிழையெண்டா ரெண்டாத்தானே வரும்?"

சீனித்தம்பி நிலத்தைப் பார்த்தான். "ஓம்."

"அப்ப இது?"

"பன்னெண்டு வருஷம் ஓடினது என்ட கால். பேரு மட்டும் உங்கட எண்ணுக்கா?"

"வாயத் துறந்து கேட்டிருந்தா சீட்டில உன்ட பேரையும் எழுதியிருப்பனேடா! நீ ஓடின பாவை நான் ஒருநாளாவது எண்ணினனா?"

இவர் சோறும் தின்னாம எழும்பி வந்துட்டார்.

அண்டையில இருந்து அந்த ரெண்டாயிரத்தி ஐந்நூத்தி இருபத்தொண்டைப் பிரிச்சுப் பார்த்தார். பதினொண்டால, பதிமூணால, நாற்பத்தேழு வரைக்கும். ஒண்டுக்கும் அது உடையல்ல. ஒத்தை இழை கூடினதும், எல்லாரோடயும் ஒத்துப்போன எண் ஒருத்தரோடயும் சேராம நிண்டது.

பொறவு முழங்கால் வலியோட அவரே பாவு ஓடினார். தான் ஓடினதையும் ரெண்டுதரம் எண்ணிட்டுத்தான் தறியில ஏத்துவார்.