ஆடி மாதத்து முருங்கைக்கீரை

ஒச்சம்மாளுக்குப் பொழுது விடிவதே மரத்தூள் அடுப்பைத் திணிப்பதில்தான். தகர டின்னின் நடுவில் ஒரு கண்ணாடிப் பாட்டிலை நிறுத்தி, அடியில் இருக்கும் துளை வழியாக ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கையால் இடித்து இறுக்குவாள். பிறகு பாட்டிலையும் கட்டையையும் பதமாக உருவினால் தீ ஏற வழி கிடைக்கும். தூள் தளர்ச்சியாக இருந்தால் சோறு பாதி வேகும்போது சரிந்து அடுப்பு அணைந்துவிடும். மட்டுமீறி இறுக்கினாலோ புகைந்து புகைந்தே வீட்டில் உள்ளவர்களைத் தெருவுக்கு விரட்டும். எழுபதாம் வருஷம் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் அவள் இரண்டையும் செய்து பார்த்தவள்தான். உசிலம்பட்டிப் பக்கத்தில் பருத்திமார் எரித்துப் பழகிய கைக்கு இதென்ன கூத்து என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கணவன் வீரபாண்டிக்குக் கொச்சங்காடியில் சுக்கும் மிளகும் அடைத்த பண்டகசாலை ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை. அதன் பின்புறத்திலேயே ஒரு வரிசை வீடுகளில் கடைசி வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீடென்றால் ஒரு அறை, ஒரு சமையல் இடம், பின்னால் உப்புத் தண்ணீர்க் கிணறும் ஒரு துண்டு மண்ணும். குடிதண்ணீருக்குத் தெருக்குழாயில் வரிசை நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த மண் குப்பை கொட்டுகிற இடம். ஒச்சம்மாளுக்கோ மண் சும்மா கிடந்தால் கை அரிக்கும். ஒரே வருஷத்தில் கூரை ஓட்டின் மேல் சுரைக்கொடி ஏறியது, உடைந்த தொட்டியில் கறிவேப்பிலை வந்தது, கோழிகள் வந்தன, கோழிகளைப் பற்றிய சண்டைகளும் வந்தன. யார் வீட்டிலோ ஒடித்து வாங்கிய முருங்கைக் கிளையைக் கிணற்றடி ஓரம் நட்டாள். அது அவளைக் கேட்காமலே வளர்ந்து கூரையைத் தாண்டியது.

வந்த முதல் வருஷம் வைகாசிக் கடைசியில் ஊர் நினைப்பில் வடகம் பிழிந்து காயப் போட்டாள். ஊரில் அந்த மாதத்து வெயிலில் வடகம் ஒரு பகலில் கலகலவென்று காய்ந்துவிடும். இங்கே மதியம் இறங்கிய மழை கண்ணை மூடிக்கொண்டு பெய்தது, வாரக்கணக்கில் திறக்கவே இல்லை. பிழிந்ததையெல்லாம் அள்ளி அடுப்பைச் சுற்றிப் பரப்பிப் புகையில் காயவைத்தாள். அந்த வருஷம் முழுவதும் அவர்கள் தின்ற வடகத்தில் மரத்தூள் வாடை அடித்தது. வீரபாண்டி ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றான். ஒச்சம்மாள் தட்டில் வைத்ததை வேண்டாம் என்று தள்ளுகிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. தள்ளினால் அவள் திட்டமாட்டாள், அழவும் மாட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று முழுக்கத் தானும் சாப்பிடாமல் கிடப்பாள். அதற்குத் திட்டே தேவலை.

மகன் ராஜன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவனாக வளர்ந்து, கார்ப்பரேஷன் தண்ணீர் லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். லாரி தோப்பும்படிப் பக்கம் போனால் ஒரு குடம் மட்டும் எப்போதும் முதலில் நிறைவதாகப் பேச்சு வந்தது. அந்தக் குடத்துக்கு உரியவள் ஓமனா. அப்பா இல்லாத பெண். அம்மா பார்கவி துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கும் வேலை செய்தாள். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டார்கள், பிறகு எண்பத்து நாலாம் வருஷம் கல்யாணம் நடந்தது.

மருமகள் வந்ததும் ஒச்சம்மாளுக்குச் சமையலில் புது வேகம் பிடித்தது. மகள் இல்லாத வீட்டில் இருபது வருஷமாகத் தனியாகவே அடுப்போடு பேசிக்கொண்டிருந்தவள் அவள். ஓமனா அதிகம் பேசாத பெண். சொன்ன வேலையைச் செய்வாள், வைத்ததைச் சாப்பிடுவாள், சிரிப்பாள். "எம் மருமக மாதிரி கொச்சியிலேயே கிடையாது" என்று குழாயடியில் ஒச்சம்மாள் பீற்றிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று கேட்க வேண்டும் என அவளுக்குத் தோன்றவே இல்லை. தட்டு காலியாகிறதே, அதுவே பதில் என்று இருந்துவிட்டாள்.

மறு வருஷம் ஆடி பிறந்தபோது ஓமனாவுக்கு ஆறாம் மாதம். ஆடி வெள்ளியில் பேச்சியம்மனை நினைத்துக் கேப்பைக் கூழ் காய்ச்சுவதை ஒச்சம்மாள் ஒரு வருஷமும் விட்டதில்லை. கேப்பை மாவு கிலோக் கணக்கில் கேட்டால் கடைக்காரர், "சேச்சியுடெ வீட்டில் எத்தனை கொச்சுகள் உண்டு?" என்று கேலி செய்வார். அங்கே அது பச்சைக் குழந்தைகளின் கஞ்சிக்கு மட்டும் வாங்குகிற சாமான். கூழுக்குத் தொடுகறி முருங்கைக்கீரை. அது இல்லாத ஆடிக் கூழ் அவள் கணக்கில் கூழே இல்லை.

அதே மாதத்துக்கு மலையாளத்தில் கர்க்கடகம் என்று பெயர். அந்த மாதத்தில் அங்கே யாரும் முருங்கை இலையைத் தொடமாட்டார்கள். இது ஒச்சம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. மற்ற மாதங்களில் கேட்டு வாங்கிப் போகிற அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்த மாதம் மட்டும் "இப்போ வேண்டா சேச்சி" என்று ஒதுங்குவதைப் பதினைந்து வருஷமாகப் பார்த்திருக்கிறாள். நம் ஆட்கள் புரட்டாசியில் கறி தின்னாமல் இருக்கிற மாதிரி, அவர்களுக்கு அது ஒரு விரதம் என்று நினைத்துக்கொண்டாள். நம் வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு அந்த விரதம் எதற்கு? அவள் யோசனை அவ்வளவு தூரம்தான் போனது.

அந்த வெள்ளிக்கிழமை சாமிக்குப் படைத்த பிறகு முதல் தட்டு ஓமனாவுக்குத்தான் வைத்தாள். கூழ், பக்கத்தில் தேங்காய்ப்பூ போட்ட கீரை. ஓமனா தட்டைப் பார்த்தாள். பிறகு கீரையை எடுத்து வாயில் வைத்தாள். மளமளவென்று தின்று முடித்தாள். பிள்ளை ருசித்துச் சாப்பிடுகிறாள் என்று ஒச்சம்மாளுக்கு மனசு குளிர்ந்தது. இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அதையும் தின்றாள்.

சாயங்காலமே வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. பொழுது இருட்டுவதற்குள் பெண் வாழைத்தண்டு மாதிரித் துவண்டுவிட்டாள். ராஜன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் ஒச்சம்மாளுக்கு மூச்சு வந்தது. செய்தி கேட்டுப் பார்கவி மழையில் நனைந்தபடியே வந்து சேர்ந்தாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். ஒச்சம்மாள் மறைக்கவில்லை.

"கர்க்கடகத்தில் முருங்கையிலை விஷமாணுன்னு கொச்சுப் பிள்ளைகளுக்கும் தெரியும். வயிற்றில் பிள்ளை உள்ள பெண்ணுக்கு அதா கொடுத்தீங்க?"

"நாங்க எல்லாருந்தானே தின்னோம், சம்பந்தியம்மா? எங்களுக்கு ஒண்ணும் செய்யலியே."

அது அந்த நேரத்தில் சொல்லக்கூடாத பேச்சு. வாயிலிருந்து விழுந்த பிறகு ஒச்சம்மாளுக்கே தெரிந்தது.  பார்கவி ஆஸ்பத்திரியிலிருந்து மகளை நேராகத் தோப்பும்படிக்கு அழைத்துப் போய்விட்டாள். பிரசவத்துக்கு எப்படியும் போகவேண்டியவள்தான், கொஞ்சம் முன்னால் போகிறாள் என்று ராஜன் அம்மாவைத் தேற்றினான்.

ஒச்சம்மாள் தேறவில்லை. அடுப்புத் திணிக்கும்போதும், குழாயடியில் நிற்கும்போதும் அதே நினைப்பு. ஊரில் இதே மாதத்தில் இதே இலையைச் சாமிக்குப் படைக்கிறார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளும் தின்கிறார்கள். ஆனால் ஊரில் ஆடியென்றால் காற்று, காய்ந்த மண். இங்கே மரம் இரண்டு மாதமாகத் தண்ணீரில் நிற்கிறது. மண் வேறு, மழை வேறு என்றால் இலையும் வேறாகிப் போகாதா? வடகத்தில் படித்த பாடத்தைக் கீரையில் மறந்துவிட்டோமா? ஒருவேளை கீரையே காரணம் இல்லையோ, அன்றைக்குக் குழாயில் வந்த கலங்கல் தண்ணீராக இருக்குமோ? எந்தப் பக்கம் யோசித்தாலும் முடிவு கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் அவளுக்கு உறுதியாக இருந்தது. மருமகளும் பிள்ளையும் இந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை என்றால், தன் கை சமைத்ததுதான் அவர்களை விரட்டியது என்று ஆகிவிடும். அந்த எண்ணத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு அரைஞாண் கட்டும் சடங்குக்கு எல்லோரும் போனார்கள். ஒச்சம்மாள் தன் கையால் கிண்டிய கருப்பட்டி அல்வாவைக் கொண்டுபோனாள். பார்கவி முகம் கோணாமல் வாங்கி, அலமாரி மேல் வைத்துத் தட்டால் மூடினாள். அந்தத் தட்டு அவர்கள் கிளம்பும்வரை திறக்கப்படவில்லை. 

மார்கழி முடியப்போகிறது, இன்னும் ஓமனா வரவில்லை. ராஜன் போகும்போதெல்லாம் "கொஞ்ச நாள் கழிஞ்சு" என்ற பதிலே வந்தது. பார்கவிதான் பிடித்து வைத்திருக்கிறாள் என்று ஒச்சம்மாள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜன் வெறி பிடித்தவன் போல அரிவாளை எடுத்து முருங்கையை அடியோடு வெட்டிச் சாய்த்தான். ஒச்சம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்க நினைத்தாள். மரம் போனால் பிள்ளை வரும் என்றால் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

தை பிறந்ததும் ஒரு காலையில் வீட்டைக் கழுவி, தொட்டில் கட்டி வைத்துவிட்டு, யாரிடமும் துணை கேட்காமல் தோப்பும்படிக்கு நடந்தாள். இன்றைக்கு அழைத்துக்கொண்டுதான் வருவது என்பது அவள் தீர்மானம்.

பார்கவி முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாள் உட்காரக்கூட இல்லை.

"சம்பந்தியம்மா, மரத்த வெட்டியாச்சு. இனிமே எங்க வீட்டுல முருங்கையே கிடையாது. எம் பிள்ளைகள அனுப்புங்க."

பார்கவி ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். "ஐயோ, மரத்தையா வெட்டினீங்க? எதுக்கு? கர்க்கடகத்தில் மட்டும்தானே வேண்டா? இவளுக்குப் பால் ஊற நான் தினமும் சந்தையிலிருந்து முருங்கையிலை வாங்கியல்லோ கொடுக்குறேன்."

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்ப ஏன் அனுப்ப மாட்டேங்கிறீங்க?"

பார்கவி குரலைத் தாழ்த்தினாள். "நானா? நான் போ போன்னு சொல்லிட்டு இருக்கேன், சேச்சி. கோபம் எனக்கு அன்னைக்கு இருந்தது, சரிதான். இப்போ இல்லை. போகாம இருக்கறது அவளாக்கும். உள்ளே உண்டு, நீங்களே கேட்டுக்கோ."

உள்ளே ஓமனா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும், தலை குனிந்திருந்தது. ஒச்சம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் பார்கவியோடு மனசுக்குள் போட்ட சண்டையெல்லாம் எங்கோ காற்றில் போட்ட சண்டை என்று ஆகிவிட்டது.

"மோளே, நான் என்ன செஞ்சேன்? சொல்லு."

"அம்மை ஒண்ணும் செய்யலை."

"அந்தக் கீரையா?"

ஓமனா குழந்தையின் காலைத் தடவினாள். "அது திங்கக் கூடாதுன்னு எனிக்குத் தெரியும், அம்மே. சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். அம்மை தட்டுல வச்சப்போ எனிக்குப் பேடியாயிருந்தது. கொச்சுக்கு என்ன ஆகுமோன்னு. எப்படியாச்சும் தீர்ந்தா போதும்னு சீக்கிரம் தின்னேன். அப்போ அம்மை பின்னெயும் வச்சீங்க."

 விஷம் என்று நம்பிய ஒன்றை, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, இந்தப் பெண் இரண்டு முறை வாங்கித் தின்றிருக்கிறாள். ஒச்சம்மாள் அதை எதிரே உட்கார்ந்து ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தாயி?"

"அந்த வீட்டில் ஆரும் அம்மைகிட்ட அது சொல்லிக் கேட்டதில்லையே." ஓமனாவின் கண் நிறைந்துவிட்டது. "எனிக்குப் பயம் இலையில் இல்லை, அம்மே. நாளைக்கு இந்தக் கொச்சுக்கு எதாவது கொடுப்பீங்க. அன்னைக்கும் என் நாவு எழும்பாதுன்னுதான் பயம்."

முற்றத்தில் துணி அலசும் சத்தம் நின்றிருந்தது. ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தன் வீட்டில் எல்லோரும் காலி செய்துவைத்த தட்டுகள் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. அதில் எத்தனை பசியால் காலியானவை, எத்தனை தனக்குப் பயந்து காலியானவை என்று இனி எப்படித் தெரிந்துகொள்வது? அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, அதை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

"இனிமே சொல்லு," என்றாள் கடைசியில். "நான் மூஞ்சியத் தூக்குனா தூக்கிட்டுப் போறேன். பட்டினி கிடந்தா கிடக்குறேன். நீ வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு. என்ன?"

ஓமனா தலையாட்டினாள்.

"சரி, எந்திரி. துணியெல்லாம் எடுத்து வை. தொட்டில் கட்டி வச்சிட்டு வந்திருக்கேன். வெயில் ஏறுறதுக்குள்ள பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவோம்."

ஓமனா எழுந்திருக்கவில்லை. உதட்டை ஒரு தரம் கடித்துக்கொண்டாள். பிறகு மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேண்டா, அம்மே."

ஒச்சம்மாளின் முகம் தானாகவே இறுகத் தொடங்கியது. நாற்பத்தைந்து வருஷப் பழக்கம், அவள் சொன்னால் கேட்குமா? ஓமனா அதைப் பார்த்தாள். ஆனாலும் பேச்சை மாற்றவில்லை.

"எனிக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேணும். வரணும்னு தோணும்போது நானே சொல்லி விடறேன்."

 கட்டி வைத்துவிட்டு வந்த தொட்டில் காலியாக ஆடுமே என்று ஒச்சம்மாளுக்கு வலித்தது. இருந்தும், இந்தப் பெண் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வேண்டாம் என்று தன்னிடம் வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குப் புரிந்தது.

"சரி மோளே," என்றாள். 

ஓமனா குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். பார்கவி சாயா கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஆறும்வரை வைத்திருந்து குடித்துவிட்டு, பேத்தியைத் தாயிடம் கொடுத்துவிட்டு, ஒச்சம்மாள் தனியாகவே வீட்டுக்கு நடந்தாள்.