சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு

சின்னப்பன் அண்ணன் இறந்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஜவ்வாது மலையிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னார். சாமை அறுப்புக்கென்று ஊருக்குப் போனவர். கடைவீதி நடுவிலுள்ள நம் பழைய பங்குக் கோயிலில் இருபத்தெட்டு ஆண்டுகள் மணியடித்துக் கோயிலைக் கவனித்துக்கொண்ட கோயில்பிள்ளையாக இருந்தவர். துக்க மணிக்கு ஏற்பாடு செய்வது பங்குப் பேரவைச் செயலரான என் கடமை. மணிக்கோபுரச் சாவியை எடுத்துப் போனவன் மணியை ஒலிக்காமல் திரும்பினேன். அதன் காரணத்தைப் பங்கு மக்களாகிய உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

மணிக்கூண்டின் உட்சுவரில் விரிசலை முதலில் கண்டவர் அவரே. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே கோடு இழுத்துவைப்பார். "சொவுரு நவுந்தா கோடு ஒடஞ்சிடும் சார். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். மறைமாவட்ட ஆயர் வருகைக்கு முன் அக்கோடுகளைத் துடைக்கச் செய்தவன் நான். கோயிலுக்குள் வெற்றிலைக் கறை கூடாதென்று எழுத்தில் குறிப்பும் கொடுத்தேன். வாங்கி மடித்துக்கொண்டவர், "உங்க ரூல்ஸு கீழ கீது சார், மணி மேல தொங்குது" என்றார்.

சென்ற திருவிழாக் கொடியேற்றத்தன்று பெரிய மணியின் கயிற்றை இழுக்க மறுத்தார். கோபுரத்தடியில் பூக்காரப் பெண்கள். அவர்களைச் சுற்றிப் பேருந்துக்கு ஓடும் கூட்டம். வழக்கத்தை மீறக் கூடாது என்றேன். "இழுக்கிறேங்க. மொதல்ல கீழ குந்தினு இருக்கிற பொம்பளைங்கள எழுப்புங்க" என்றார். நான் எழுப்பவில்லை. அவர் மேலே ஏறி, மரச் சுத்தியலால் மணியின் விளிம்பை மெல்லத் தட்டிவிட்டு இறங்கினார். கடமை தவறினார் என்று பேரவைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

செவ்வாயன்று தனியாக ஏறினேன். ஊருக்குப் புறப்படுமுன் அவர் இழுத்திருந்த கோடு நடுவில் உடைந்திருந்தது. இடைவெளியில் என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. வெளியே ஒரு லாரி கடந்தது. நான் நின்ற படிக்கட்டு அதிர்ந்தது. கயிற்றைத் தொடாமல் இறங்கினேன்.

"இன்னா சார், யாருக்கு மணி?" என்றார் பூக்காரர் செல்வி.

"சின்னப்பன் அண்ணன் போய்ட்டாரும்மா. மணி இல்ல. கூடையத் தூக்குங்க, எல்லாரும் எதிர்ப்பக்கம் போய்டுங்க."

"ஐயோ, அந்த மன்சனா? தெனம் இதயேதான் சொல்லுவாரு. நாங்க சிரிப்போம்."

துக்க மணி ஒலிக்காமலே, போளூர் வழியாக மலையேறி அவரை அடக்கம் செய்து வந்தோம். கோபுரத்தடியில் கயிறு கட்டியிருக்கிறேன். பொறியாளர் வந்து பார்க்கும்வரை யாரும் அதைத் தாண்ட வேண்டாம். அவருடைய வெற்றிலைப் பெட்டியை மகள் என்னிடம் தந்தார். தினமும் காலையில் நானே சுண்ணாம்பெடுத்துக் கோடு இழுக்கிறேன்.

நேற்று இழுத்தது இன்று உடைந்திருந்தது.