முபீனாவின் புருவம் ஏறிய இரண்டு மில்லிமீட்டர்

போடியில் முபீனா நடத்தும் ஏலக்காய்க் கொட்டகையில் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக எடை எழுதுகிறேன். வேலை நேரத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. வாயில் எப்போதும் ஒரு காய் இருக்கும். மென்று பார்த்துத்தான் லோடின் தரத்தை முடிவு செய்வார். காய் தரம் பிரிக்கும் பேச்சி, பிரித்ததை முறத்தில் நீட்டுவாள். வெடித்த காய் கண்ணில் பட்டால் முபீனாவின் புருவங்கள் நெருங்கிக் கீழே இறங்கும்; முறம் திரும்பிவிடும். இறங்காவிட்டால் காய் நல்ல சாக்குக்குப் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு.

முறைத்து முறைத்து நெற்றி நடுவே இரண்டு கோடுகள் நிலைத்துவிட்டன. மகள் தஸ்னீமைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அம்மாவுக்கு எங்க மேல கோவமா?" என்று கேட்டார்களாம். மார்ச் 3 அன்று முபீனா மதுரைக்குப் போய், அந்தக் கோடுகள் மறைய புருவங்களுக்கு நடுவே ஐந்து இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்.

"கீழ இழுக்குற சதை அசந்துரும், நெத்திச் சதை மட்டும் மேல இழுக்குமாம்ணே. புருவம் துளி ஏறும்னு டாக்டரம்மா சொன்னாக. நாலு மாசத்துல பழையபடி ஆயிருமாம்."

எதையும் அளந்து எழுதும் பழக்கத்தில் அன்றே தஸ்னீமை விட்டு அளக்கச் சொன்னேன். கண்மணியிலிருந்து புருவத்தின் மேல்விளிம்பு வரை இருபத்து மூன்று மில்லிமீட்டர். பதினான்காம் நாள் காலை இருபத்தைந்து. எழுதி வைத்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

மறுநாள் ஏலத்துக்குப் போகவேண்டிய லோடு அன்று ஓடிக்கொண்டிருந்தது. மதியம் முபீனா மூன்றாவது நல்ல சாக்குக்குள் கையை விட்டவர், வாயிலிருந்த காயைத் துப்பினார்.

"பேச்சி! என்னடி, வெடிச்ச காயா கெடக்கு?"

"நீங்க பாத்த பெறகுதானக்கா கொட்டுனேன்."

"நான் மொறச்சேன்டி!"

"எங்க மொறச்சீக? புருவத்தத் தூக்குனீக. காயப் பாத்து அசந்துட்டீகன்னு நெனச்சேன்."

"இப்பவும் அசந்த மாதிரித்தான் இருக்கு" என்று பக்கத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்த கருத்தம்மா சிரித்தாள்.

முபீனா உண்மையிலேயே கொதித்துக்கொண்டிருந்தார். முகமோ கல்யாண ஊர்வலத்தை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது.

"பொய் சொல்லாத!"

பேச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குவாளியை எடுத்தாள். "இருபத்தியொரு வருசமா உங்க மூஞ்சியப் பாத்துச் சோலி பாக்குறேன். இன்னிக்குப் பொய்க்காரியாயிட்டேனா? நான் வர்றேன்."

அவள் வாசலைத் தாண்டுமுன் புருவ அளவு எழுதிய நோட்டைக் கொண்டுபோய் முபீனாவிடம் காட்டினேன். "தாயி, ஒருக்கா மொறச்சுப் பாருங்க."

செல்போன் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பிப் பிடித்து முறைத்தார். பல்லைக் கடித்து முறைத்தார். புருவங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"பேச்சி, தப்பு உன் மேல இல்ல. இந்த மூஞ்சி மேல. வா, ஒக்காரு."

பேச்சி உடனே வரவில்லை. முபீனா தரையில் உட்கார்ந்து மூன்றாவது சாக்கைத் தாமே கவிழ்த்த பிறகுதான் வந்தாள். முடிக்கும்போது மணி ஆறு நாற்பது. அதுவரை ஒவ்வொரு முறத்துக்கும் முபீனா வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறத்துக்கு "வேண்டாம்." இரண்டாவதற்கு, "நல்லாருக்கு."

பேச்சியின் கை நின்றது. "என்னக்கா சொன்னீக?"

"நல்லாருக்குன்னேன்."

"இன்னொருக்கா சொல்லுங்க."

ஜூலை 2 அன்று அளவு மறுபடி இருபத்து மூன்று. இடையில் தஸ்னீமுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் முடிவாகிவிட்டது. நெற்றிக் கோடுகள் திரும்பின. வாயில் காயும் திரும்பியது. ஆனால் பேச்சி, நல்ல காயை நீட்டினால், அந்தச் சொல் காதில் விழும்வரை முறத்தை எடுப்பதில்லை.