கண்டாக்கு தடியில் சுருட்டிய ராக்கெட்

இலங்கை மலையகத்து அட்டன் கடைவீதி அச்சுக்கூடத்தில் நான் டிரெடில் மெஷின் மிதித்த காலம். முதலாளியைக் கேட்காமல், தேயிலை லேபில் அட்டை இருநூறு தாளில் ராக்கெட் படம் அடித்து வைத்திருந்தேன். வெட்டி, சுருட்டி, ஒட்டி, வாண மருந்துக் குழலைச் செருகினால் பறக்கும் என்பது என் கணிப்பு. கோடு போட நேரான பித்தளை ரூல்தான் இருந்ததால் செட்டைகள் எல்லாம் முக்கோணம். அதை விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு தாள் முதலாளி கையில் அகப்பட்ட நேரம் பார்த்து, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்திருந்தார்.

“கூலி லயத்துல பொறந்தவனுக்கு ராக்கெட்டு கேக்குதோ?” என்றார் கண்டாக்கு.

“ரஷ்யாக்காரனும் ஏதோ ஒரு வீட்டுல பொறந்தவன்தானுங்களே ஐயா.”

முதலாளி தாளை வீசினார். “வாய் மட்டும் நல்லாப் பறக்குது. திருவிழாவுல இத ஏத்திக் காட்டு. ஏறலேன்னா இந்தப் பக்கம் வராத.”

“அப்ப திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துரு. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி தாறேன்” என்றார் கண்டாக்கு.

விடியற்காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டிலிருந்து தப்பித்துத்தான் அச்சுக்கூடத்துக்கே வந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்தச் சரக்கு என்னிடம் ஸ்டாக் இல்லை.

திருவிழா ஞாயிறு பிற்பகல் தோட்டத்துப் பந்து மைதானத்தில் பற்றவைத்தேன். இரண்டு ஆள் உயரம் போன ராக்கெட் இடுப்பொடிந்து திரும்பி, கண்டாக்கின் தொப்பியைத் தட்டிவிட்டது.

“அடேய், என்னயவே தேடி வருதேடா!”

“வழி தெரியாத புள்ளைங்க ஐயா. தெரிஞ்ச மூஞ்சியப் பாத்து வந்திருச்சு.”

கூட்டம் சிரித்தது. விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். அட்டைக்கு நார் ஒரு பக்கமாக ஓடும். சுருட்டிய ராக்கெட்டின் நீளவாட்டில் அது போகவேண்டும். நானோ ஒரு தாளில் இரண்டு ராக்கெட் அடக்கும் ஆசையில் குறுக்கே போட்டிருந்தேன். ஓர அட்டையைக்கூட விடாத அச்சுக்காரன் புத்தி.

நானே அச்சடித்த கோட்டை மதிக்காமல், இன்னொரு தாளைத் திருப்பி வெட்டினேன்.

“ஒண்ணுக்கு முழுத் தாளாடா?” முதலாளி பதறினார்.

“பறக்கிற ஒண்ணு, மொதலாளி.”

சுருட்டும் மூங்கில் குச்சியைக் கெட்டிக்காரன் நான் அச்சுக்கூடத்திலேயே மறந்திருந்தேன். கண்டாக்கு முன்னால் போய் நின்றேன். “ஐயா, அந்தக் கைத்தடியக் குடுங்க.”

அவர் பிடியை இறுக்கினார். முதலாளிதான் சொன்னார்: “குடுங்க கண்டாக்கையா. ஏறிருமோன்னு பயமா?”

கொடுத்தார். எங்களை அதட்ட நீளும் தடியில் அட்டையைச் சுருட்டி, பசை தடவி, கடலைக்காரரின் அடுப்புச் சூட்டில் காயவைத்து உருவினேன். இரண்டாவது மருந்துக் குழலைச் செருகி, சிவப்புக் காகித வாலையும் ஒட்டிப் பற்றவைத்தேன்.

நேராக ஏறியது. நிழல் மரங்களைத் தாண்டி, மலை மறைத்த வெயிலைத் தொட்டு, சிவப்பு வால் படபடக்கத் தேயிலைக்குள் இறங்கியது. கூட்டம் அதை எடுக்க ஓடியது; கண்டாக்கின் தடி என் கையிலேயே இருந்துவிட்டது.

“நாளைக்கு நேரத்தோட மெஷினுக்கு வந்துரு” என்றார் முதலாளி.

மெஷினுக்குப் புதிதாக வரும் தம்பிகளே, அட்டையை முதலில் இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். இணங்குகிற பக்கம் சுருட்டுங்கள். உங்களை யாராவது சுருட்ட வந்தால் இணங்கித் தொலைக்காதீர்கள்.

திங்கட்கிழமை பெரட்டுக்கும் போனேன். பேர் கூப்பிட்டு முடியும்வரை வரிசைக்கு வெளியே நின்று, எல்லாரும் பார்க்கத் தடியைத் திருப்பிக் கொடுத்தேன். பசையைத் துடைக்கவில்லை.