கொப்பியின் வலது பக்கம்

எங்கள் சமூகக்கல்வி டீச்சர் ஒரு நாளும் நோட்ஸ் சொல்லி எழுதவிட்டதில்லை. அவர்மீது வைத்த முதல் குற்றச்சாட்டு இதுதான். வைத்தவர்களுக்கு இன்றும் சொல்கிறேன்: நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படித்ததில் எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு பாடம்தான்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் அது. பள்ளிக்கூடத்து ஓடுகள் பறந்து போயிருந்ததால் எங்கள் வகுப்பு முற்றத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் நடந்தது. டீச்சர் அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் வருவார். கொப்பியின் இடது பக்கத்தில் புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டும். வலது பக்கத்தில் அதே விஷயம் எங்கள் தெருவில் எப்படி இருக்கிறது என்று பார்த்து, கேட்டு எழுத வேண்டும். இவ்வளவுதான் அவருடைய முறை. "இடது பக்கம் சோதினைக்கு. வலது பக்கம் உங்களுக்கு" என்பார்.

குடும்பம் என்ற பாடம் வந்தது. வீடு தகப்பனுடையது, கலியாணம் முடித்த பெண் கணவன் வீட்டுக்குப் போகிறாள் என்று புத்தகம் சொன்னது. இடது பக்கத்தில் எழுதினோம். தெருவிலுள்ள வீடுகள் யார் யாருடையவை என்று வலது பக்கத்தில் எழுதிவரச் சொன்னார். வகுப்பு முழுக்க ஒன்றையே எழுதிக்கொண்டு போயிருந்தோம். வாப்பாட வீடு, சாச்சாட வீடு, மாமாட வீடு.

டீச்சர் ஒரு கொப்பியையும் திருத்தவில்லை.

"கேட்டா எழுதின, இல்லாட்டி நீங்களா எழுதினயா?"

ஒவ்வொருத்தியாகக் கொப்பியை மூடினோம்.

"போய்க் கேளுங்க. வீட்டு உறுதி ஆருட பேர்ல இரிக்கி எண்டு."

ஏசுவார்களோ, நாய் அவிழ்ந்து கிடக்குமோ, உறுதிப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டால் காணிச் சண்டைக்கு வந்தவள் என்று நினைப்பார்களோ என்று பயந்து, ஒவ்வொரு படலையிலும் நின்று நின்றுதான் போனேன். பதினொரு வீடு. பதினொன்றிலும் உறுதி பெண்ணின் பேரில்தான் இருந்தது. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்குத்தானே வீடு கட்டிக் கொடுப்பது? மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். பிறந்த நாளிலிருந்து அந்த வீடுகளுக்குள்ளேயே கிடந்துவிட்டு, எழுதச் சொன்னதும் அத்தனை பேரும் பிழையாக எழுதியிருந்தோம்.

இரண்டு நாள் கழித்து வாப்பா தேத்தண்ணிக் கடையிலிருந்து முகம் கறுத்து வந்தார்.

"கடையில என்ன கேக்கிறானுகள் தெரியுமா? 'என்ன மச்சான், நீங்க பொண்டாட்டிர வீட்டிலதான் குந்தி இரிக்கிறயாம், மகள்ர கொப்பியில வந்திரிக்கி' எண்டு கேக்கிறானுகள்!"

"கேட்டவர் ஆருட வீட்டிலயாம் இரிக்கார்?" என்றார் உம்மா, குசினிக்குள்ளிருந்து.

வாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழமையே பெட்டிசன் எழுதப்பட்டது. டீச்சர் பாடம் நடத்துவதில்லை, குமர்ப்பிள்ளைகளைத் தெருத்தெருவாக அலையவிடுகிறார், அவரை மாற்ற வேண்டும். வாப்பாவும் கையெழுத்து வைத்தார். கல்விக் கந்தோரிலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவதாகவும், பிள்ளைகளில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார்கள். கதை கிளம்பியது என் கொப்பியிலிருந்துதானே.

விசாரணையன்று காலை வாப்பா என்னைப் பிடித்து நிறுத்தினார். "டீச்சர் படிப்பிக்கல்ல எண்டு சொல்லு. அதுக்கு மேல ஒரு சொல்லும் கதைக்கப்படாது. மாறிக் கதைச்சா ஸ்கூலும் இல்ல ஒண்டும் இல்ல, சொல்லிப் போட்டன்."

சொல்லாவிட்டால் என் படிப்புப் போகும். சொன்னால் டீச்சர் போவார். பள்ளிக்கூட அதிபரின் அறைக்குப் போகும்வரைக்கும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கந்தோர்க்காரர் வயதானவர். கொப்பியைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர் என்னம்மா படிப்பிச்சா?"

டீச்சர் யன்னலோரம் நின்றார். என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு சைகைகூடக் காட்டவில்லை.

"இந்தப் பக்கம் புத்தகம் சேர். இந்தப் பக்கம் எங்கட தெரு. ரெண்டையும் படிப்பிச்சா."

"தெருவில போய்க் கேக்கப் பயமில்லயா?"

"பயம்தான் சேர். எனக்கு எல்லாத்துக்கும் பயம். இஞ்ச வரவும் பயம்தான். அதுக்கு டீச்சர் என்ன செய்வா?"

அதிபர் இருமினார். கந்தோர்க்காரர் மீசைக்குள் சிரித்ததை நான் கண்டேன். "எழுதினது பொய்யா?" என்று கேட்டார். "இல்ல சேர். பொய்யெண்டா உறுதியக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றேன். என் குரல்தானா அது என்று இருந்தது.

டீச்சரை மாற்றவில்லை. வாப்பா சொன்னபடி செய்தார். "இண்டையோட படிச்சது போதும்" என்றார். நான் உம்மாவைப் பார்த்தேன். வீடு உம்மாவின் பேரில். கடையில் கேட்டவனுக்கு அத்தனை வெடுக்கென்று பதில் வைத்திருந்த உம்மா, சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

வாப்பா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் செய்தது சரி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லப் போவதும் இல்லை. அன்று சொன்னதற்காக வருந்துகிறாயா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். படிப்புப் போனதற்கு அழுதேன். சொன்னதற்கு அழவில்லை.

மூன்று நாள் அழுதுவிட்டு, நான்காம் நாள் கொப்பியை எடுத்தேன். வலது பக்கத்தில் நானாக ஒரு கேள்வியை எழுதினேன்: வீடு உங்கட பேர்ல. வீட்டில ஆர் சொல்றது நடக்கும்? டீச்சர் கேட்கச் சொல்லாத கேள்வி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த வீட்டு மாமியிடம் போனேன்.

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ஸ்கூலால நிப்பாட்டியாச்சாமே. இன்னும் என்ன புள்ள கொப்பி?"

"கேள்வி கேக்கிறத்துக்கு ஸ்கூல் வேணுமா மாமி?"

வாசித்துக் காட்டினேன். சுளகு நின்றது. மாமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மாமா வயலுக்குப் போயிருந்தார்.

"இரி" என்றார். "எழுது."