கீழ் வீட்டுக்குக் கேட்காத ஸ்பீக்கர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். லிங்கராஜபுரத்தில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு அதில் பாதிக்கு மேல் கீழ் வீட்டு ஆன்ட்டி மேல்தான். வீட்டுக்காரம்மா அவர். அவர் கணவர் அங்கிளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போய், ஒரு பக்கமும் விழுந்துவிட்டது. படுக்கையில் கிடந்த அவரை ஆன்ட்டி ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் நான் பாட்டுப் போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

கத்தமாட்டார். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். குறைப்பேன். மறுபடி வருவார். ஒருநாள் பாடகியின் குரல் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குக் குறைத்திருந்தேன், அப்போதும் வந்தார். இதற்கு மேல் குறைத்தால் நான் கற்பனையில்தான் கேட்க வேண்டும் என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்த கையோடு ஆன்ட்டி முடிவாகச் சொல்லிவிட்டார்: இனியும் இப்படியே என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் பள்ளி பக்கத்துத் தெருவில் இருந்தது. வீடு மாறுவதெல்லாம் நடக்காது என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

பாட்டை விட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஆபீசில் நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருக்கோ பதில் சொல்கிறவன் நான். வீட்டுக்கு வந்தும் அதைக் காதில் வைக்க முடியாது. படுக்கையறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். யாரும் என்னை எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான். அதை விட எனக்கு மனமில்லை.

தப்பு ஸ்பீக்கரில் இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு ஆபீஸ் நண்பரிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகளை வாங்கி வந்திருந்தேன். அவற்றின் முதுகில் ஒரு துவாரம், அதன் வழியாகவும் பேஸ் என்கிற அடி அதிர்வு வரும். பின்னால் காலியிடம் விட்டு வைக்க வேண்டிய சாமான். என் அறையில் ஏது இடம்? மூலைக்கு ஒன்றாகச் சுவரோடு ஒட்டித் தரைமேலேயே வைத்தேன். பேஸ் வீங்கிக்கொண்டு தரை வழியாக இறங்கியது. சத்தத்தைக் குறைத்தாலும் அது இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இது புரிந்ததும் மல்லேஸ்வரத்தில் ஒரு கடையில் கேட்டு, துவாரமே இல்லாத சின்ன ஜோடி ஒன்றை வீட்டில் போட்டுப் பார்த்துச் சரிவராவிட்டால் திருப்பித் தருவதாக வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை காலை ஆன்ட்டியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கீழ் வீட்டு ஹாலில் உட்கார்ந்தேன். மாடியில் மனைவி முதலில் பழைய ஜோடியிலும் பிறகு புதியதிலும் ஒரே பாட்டைப் போடுவதாக ஏற்பாடு. ஆன்ட்டி எதிரே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

பாட்டு தொடங்கியது. கீழே பாட்டாக எதுவும் கேட்கவில்லை, 'தொப் தொப்' என்று மட்டும் வந்தது. ஆன்ட்டி தட்டை வைத்துவிட்டு எழுந்து உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்தார். மூன்றாவது முறை என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அவரால கூப்பிட முடியாதுல்லப்பா. ஏதாச்சும் வேணும்னா கட்டில் பலகைய கையால தட்டுவார். உன் பாட்டும் அதே மாதிரிதான் கேக்குது."

முதலிலேயே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

"சர்ச் கொயர்ல பாடின மனுசன். தட்டிக் கூப்பிடுறத வெளிய சொன்னா அவருக்குப் பிடிக்காது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குள் திரும்பவும் அதே 'தொப் தொப்'. பாதி எழுந்த ஆன்ட்டி அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். "உன் பெட்டிதான் விடு" என்றார். நானும் தலையாட்டினேன். அது இன்னும் சில தடவை கேட்டு நின்றது. அவர் உரித்துக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி போன் செய்தாள். "பழைய ஸ்பீக்கர் வயரைக் கழட்டி அப்பவே வெச்சுட்டேன். புதுசுல சிவப்பு வயர் எதுல மாட்டணும்?"

"ஆன்ட்டி, மேல எதுவும் ஓடல" என்று சொன்னதுதான் தெரியும். அவரைக்காய்த் தட்டு கவிழ்ந்தது.

அங்கிள் சரிந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தலை மாட்டிக்கொண்டு கிடந்தார். முகம் கறுத்திருந்தது. நல்ல கை மட்டும் இன்னும் பலகைமேல் இருந்தது. இருவருமாகத் தூக்கித் தலையணையில் சாய்த்தோம். இருமினார், பெரிதாக மூச்சு வந்தது. பிறகு என்னையே பார்த்தார். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஆன்ட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்றுதான் மேலே வந்தேன். மாலையில் ஆன்ட்டியே என் மகளிடம் சொல்லி அனுப்பினார், புது ஜோடியையும் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அங்கிளுக்கும் சம்மதமாம்.

இந்த முறை நான் அங்கிளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆன்ட்டி சமையலறையில் இருந்தார். மாடியில் சின்ன ஸ்பீக்கர்கள், சுவரை விட்டுத் தள்ளி ஸ்டூல்மேல். பாட்டு ஓடிக்கொண்டிருப்பதாக மனைவி போனில் உறுதி சொன்னாள். கீழே லேசாக ஏதோ முனகல் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அங்கிள் தட்டாமல் காத்திருந்தார். மேல் சத்தத்தைத் தட்டல் என்று நினைத்து ஆன்ட்டி வந்துவிடுவாரோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பாட்டு பாதி தாண்டியிருக்கும். அங்கிள் கையைத் தூக்கிப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

உடனே ஆன்ட்டி ஈரக் கையோடு அறை வாசலில் வந்து நின்றார். அங்கிளின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பெரிய பெட்டிகள் போய்விட்டன. சின்ன ஜோடியில் என் பாட்டுகளின் அடிப்பாகம் காணாமல் போனது உண்மைதான், சில பாட்டுகளைக் கேட்கும்போது இன்னும் வயிறு எரிகிறது. எப்போதாவது பாட்டுக்கு நடுவே கீழே அந்தத் தட்டல் கேட்கும். உடனே நிறுத்திவிடுவேன். ஆன்ட்டியின் செருப்புச் சத்தம் உள்ளறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மறுபடி போடுவேன்.